ஜி.எஃப்.பி கொடுத்த புழுக்களும் செத்தால்?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரி. தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டில் ஆர்.என்.ஏ குறுக்கீடு, அதாவது இரட்டை இழை ஆர்.என்.ஏ கொண்டு ஒரு மரபணுவை அடக்குவது பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். செல்லில் புரோட்டானைக் கடத்தும் புரதத்துக்கான வி-ஏ.டி.பி.ஏஸ் மரபணுவுக்கு எதிரான இரட்டை இழை ஆர்.என்.ஏ-வைப் புழுக்களுக்கு ஊசியில் ஏற்றினேன். பத்து நாளில் 20 புழுவில் 13 செத்தன. எதுவும் செய்யாமல் விட்ட 20இல் ஒன்றுதான் செத்தது. ஆனால் நெகட்டிவ் கன்ட்ரோலாக (விளைவு வரக் கூடாத ஒப்பீட்டுக் குழுவாக) ஜி.எஃப்.பி எனும் ஒளிரும் புரத மரபணுவின் இரட்டை இழை ஏற்றிய 20இல் 6 செத்துவிட்டன. "அந்தக் குழுவில் ஏதோ கோளாறு. அதை விட்டுவிடு, ஒன்றும் செய்யாத குழுவோடு ஒப்பிட்டு எழுது" என்கிறார் டீச்சர். லேபில் மற்றவர்கள் தண்ணீர் ஏற்றிய ஒரு குழு இருந்தால் போதும் என்கிறார்கள். கோவையில் புற்றுநோய் செல்களில் வேலை செய்யும் தோழியோ ஸ்கிராம்பிள்டு என்று ஒன்றை வாங்கிப் போடுகிறாள். எனக்கு எது சரி? இருக்கும் முடிவுகளை ஆய்வேட்டில் வைக்கலாமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜி.எஃப்.பி குழுவைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் சோதனையிலேயே அதிகத் தகவல் தரும் குழு அதுதான். செத்துப்போன அந்த 6 புழுக்களும் ஏதோ சொல்கின்றன. அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் அடுத்த வேலை.

மரபணுவை அடக்கும் சோதனையில் புழுவுக்கு ஒரே நேரத்தில் பல விஷயங்கள் நடக்கின்றன. தோலில் ஊசி குத்துகிறது. ரத்த நீர் கொஞ்சம் வெளியே வருகிறது, காயம் கறுக்கிறது. உடம்புக்குள் ஒரு திரவம் போகிறது. அந்தத் திரவத்தில் தயாரிப்பிலிருந்து மிஞ்சிய உப்பும் என்சைமும் இருக்கலாம். இரட்டை இழை ஆர்.என்.ஏ என்ற பொருள் உள்ளே போகிறது. பூச்சிக்கு அது வைரஸ் வந்ததற்கான அறிகுறி. அதன் டைசர் என்சைம் அதைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்குகிறது. கடைசியாகத்தான் அந்தத் துண்டுகள் வி-ஏ.டி.பி.ஏஸ் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ-வைத் தேடிப் பிடித்து அழிக்கின்றன. நீங்கள் ஆய்வேட்டில் எழுதப்போவது இந்தக் கடைசிக் காரியத்தைப் பற்றி மட்டும். ஆனால் ஒன்றும் செய்யாத புழுவோடு ஒப்பிடும்போது எல்லாக் காரியங்களும் சேர்ந்த விளைவைத்தான் அளக்கிறீர்கள்.

தண்ணீர் ஏற்றிய குழு ஊசிக் காயத்தைக் கணக்கில் எடுக்கும். இரட்டை இழை ஆர்.என்.ஏ உள்ளே போனதால் வரும் விளைவை எடுக்காது. அதை எடுக்கத்தான் ஜி.எஃப்.பி. அது ஜெல்லி மீனின் மரபணு, வண்டில் கிடையாது. அதே நீளம், அதே அளவு, அதே கிட், அதே நாளில் தயாரித்தது என்று மற்ற எல்லாம் ஒன்றாக இருந்து, தாக்குவதற்கு இலக்கு மட்டும் இல்லாமல் இருந்தால் அது சரியான நெகட்டிவ் கன்ட்ரோல்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 13-ஐயும் 1-ஐயும் ஒப்பிட்டு ஃபிஷர் என்ற புள்ளியியல் சோதனை போட்டால் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.001-க்கும் வெகு கீழே வரும். யார் பார்த்தாலும் அசந்துபோவார்கள். அதே 13-ஐ ஜி.எஃப்.பியின் 6-ஓடு ஒப்பிடுங்கள். பி மதிப்பு 0.056. வழக்கமான 0.05 கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகிறது. பூச்சியியலில் 1925 முதல் இருக்கும், கன்ட்ரோலில் வந்த சாவைக் கழிக்கும் அபாட் சூத்திரத்தில் இறப்பைத் திருத்தினாலும் இதே கதைதான். ஒன்றும் செய்யாத குழுவை வைத்தால் திருத்திய இறப்பு 63 சதவீதம், ஜி.எஃப்.பியை வைத்தால் 50 சதவீதம். எந்தக் குழுவோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் தீர்ப்பே மாறுகிறது. ஜி.எஃப்.பி குழுவை மறைத்தால் நடந்த சோதனையைப் பற்றி உண்மைக்குப் புறம்பாக எழுதியதாகிவிடும். டீச்சர் அந்த எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். கன்ட்ரோல் குழுவில் சாவு விழுந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று நினைப்பது நம் ஆய்வகங்களில் வெகு சாதாரணம். இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள், அவருக்கே விளங்கும்.

இந்தத் துறை பிறந்ததே கன்ட்ரோல் சொன்னபடி கேட்காமல் போனதால்தான். 1995இல் சூ குவோவும் கென் கெம்ஃபியூஸும் சிறு மண்புழு போன்ற சி. எலிகன்ஸில் பார்-1 என்ற மரபணுவை, அதன் தூது ஆர்.என்.ஏ-வோடு ஒட்டிக்கொள்ளும் எதிர் இழை ஆர்.என்.ஏ கொண்டு தடுத்துப் பார்த்தார்கள். கன்ட்ரோலாக நேர் இழையை ஏற்றினார்கள். அது ஒன்றும் செய்யக் கூடாது. ஆனால் அதுவும் அதே விளைவைக் கொடுத்தது. அவர்கள் அதை மறைக்காமல் கட்டுரையில் எழுதினார்கள். 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் காரணத்தைக் கண்டார்கள். இரண்டு இழைகளும் சேர்ந்த இரட்டை இழைதான் மரபணுவை வலுவாக அடக்குகிறது; தனி இழைத் தயாரிப்புகளில் அது கொஞ்சம் கலந்திருந்தாலே போதும். 2006இல் நோபல் பரிசு வந்தது. 1995இல் அந்தக் கன்ட்ரோல் குழுவை யாராவது "கோளாறு" என்று விட்டிருந்தால் இந்தத் தடயமே கிடைத்திருக்காது.

ஜி.எஃப்.பி எப்போதும் சும்மா இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். தேனீக்களுக்கு ஜி.எஃப்.பி இரட்டை இழை கொடுத்து மரபணுக்களை அளந்த ஆய்வு 2013இல் வந்தது. சுமார் 1,400 மரபணுக்களின் அளவு மாறியிருந்தது. தேனீயில் ஜி.எஃப்.பி இல்லை, ஆனாலும் மாறியது. இரட்டை இழை என்பதாலேயே அதன் வைரஸ் எதிர்ப்பு விழித்துக்கொள்வது ஒரு காரணம், தற்செயலாக எங்கோ வரிசை பொருந்துவது இன்னொன்று. மனித மருந்துத் துறையும் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. விழித்திரையில் தேவையில்லாத ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்க வி.இ.ஜி.எஃப் மரபணுவை அடக்கும் குறு ஆர்.என்.ஏ (குறுகிய இரட்டை இழை) மருந்துகள் நோயாளிகளிடம் சோதனையில் இருந்தன. 2008இல் வந்த எலி ஆய்வு, எந்த மரபணுவையும் குறி வைக்காத குறு ஆர்.என்.ஏ-வும் ரத்தக் குழாய் வளர்ச்சியைக் குறைக்கிறது என்று காட்டியது. செல்லின் மேற்பரப்பில் உள்ள டி.எல்.ஆர்-3 என்ற காவல் புரதம் ஆர்.என்.ஏ-வை உணர்ந்ததால் வந்த விளைவு அது.

சரி, உங்கள் 6 புழுக்களுக்கு வருவோம். எனக்கு முதல் சந்தேகம் புழுக்கள் வந்த இடத்தின் மீது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் என்றால் வெட்டிப் போட்ட தென்னைகளைப் பிளந்துதான் புழு எடுத்திருப்பீர்கள். சித்தூர் தாலுகாவில் கள்ளுக்கு விட்ட தோட்டம் அதிகம். காயம் பட்ட மரத்தின் வாசனைக்குக் கூன்வண்டு வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படி எடுத்த புழுக்கள் ஒரே வயதாக இருக்காது. ஒரு தோட்டத்துப் புழுவில் பூஞ்சையோ பாக்டீரியாவோ ஏற்கெனவே இருக்கலாம். ஒரு தோட்டத்திலிருந்து வந்தவை முழுவதும் ஜி.எஃப்.பி குழுவுக்கும், வேறு தோட்டத்தவை ஒன்றும் செய்யாத குழுவுக்கும் போயிருந்தால் உங்கள் 6 அங்கேயே விளக்கப்பட்டுவிடும். அடுத்த முறை ஒவ்வொரு தோட்டத்துப் புழுக்களையும் எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பிரியுங்கள். எடை பார்த்துப் பிரிப்பது நல்லது. முடிந்தால் வண்டுகளைப் பிடித்து, கரும்புத் துண்டில் முட்டை இட வைத்து, லேபிலேயே வளர்த்த புழுக்களை எடுங்கள். ஒன்றையொன்று தின்னும் புழு இது, தனித்தனி டப்பாவில்தான் வைக்க வேண்டும். டப்பாக்களில் குழுப் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதி, எந்த எண் எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் செத்ததைக் கணக்கெடுக்கட்டும்.

இரண்டாவது சந்தேகம் தயாரிப்பின் மீது. ஜி.எஃப்.பி ஆர்.என்.ஏ-வை வேறு ஒரு நாளில், வேறு யாராவது தயாரித்தார்களா? பழைய குழாயை ஃப்ரீஸரிலிருந்து எடுத்தீர்களா? இரண்டையும் ஒரே கிட்டில், ஒரே நாளில் தயாரித்து, ஒரே முறையில் சுத்தம் செய்து, ஜெல்லில் ஒற்றைப் பட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். வி-ஏ.டி.பி.ஏஸ் துண்டு 400 எழுத்து (நியூக்ளியோடைடு) என்றால் ஜி.எஃப்.பி துண்டும் ஏறக்குறைய 400 இருக்கட்டும். புழுவுக்கு ஏற்றும் மைக்ரோகிராம் அளவும், திரவத்தின் அளவும் அதேதான்.

மூன்றாவது, ஊசி. இதைத் தெரிந்துகொள்ளத்தான் தண்ணீர்க் குழு தேவை. லேபில் சொன்னவர்கள் பாதி சரி. தண்ணீர்க் குழுவை ஜி.எஃப்.பிக்குப் பதிலாக வைக்கக் கூடாது, கூடச் சேர்க்க வேண்டும். ஆர்.என்.ஏ கரைத்த அதே தண்ணீரை ஏற்றுங்கள். அந்தக் குழுவிலும் ஐந்தாறு செத்தால் உங்கள் கை, ஊசியின் தடிமன், ஏற்றும் இடம் இவற்றைச் சரி செய்ய வேண்டும். புழுவைப் பனிக்கட்டியில் சிறிது நேரம் குளிர வைத்து, மெல்லிய ஊசியால் மெதுவாக ஏற்றினால் ரத்த நீர் வெளியேறுவது குறையும். தண்ணீரில் ஒன்றிரண்டு, ஜி.எஃப்.பியில் ஆறு என்று வந்தால் ஆர்.என்.ஏ-வோ அதில் கலந்ததோ காரணம். அப்போது அளவைக் குறைத்துப் பாருங்கள். பாதி அளவில் ஜி.எஃப்.பி சாவு குறைந்து வி-ஏ.டி.பி.ஏஸ் சாவு அப்படியே நின்றால் உங்கள் முடிவு முன்னைவிட வலுவாகிவிடும்.

ஜி.எஃப்.பி வரிசையை ஒரு முறை கணினியிலும் சோதியுங்கள். சிவப்புக் கூன்வண்டின் ஜீனோம் 2020இல் வெளியாகிவிட்டது. உங்கள் துண்டில் தொடர்ச்சியாக 19 முதல் 21 எழுத்து வரை வண்டின் எந்த மரபணுவோடாவது பொருந்துகிறதா என்று பிளாஸ்ட் என்ற வரிசை தேடும் மென்பொருளில் பாருங்கள். டைசர் வெட்டும் துண்டுகளின் நீளம் சுமார் 21 எழுத்து. சிலர் ஜி.எஃப்.பிக்குப் பதில் லூசிஃபெரேஸை எடுப்பார்கள். அது மின்மினியின் மரபணு. மின்மினியும் வண்டினம், அதன் லூசிஃபெரேஸுக்கு உறவான மரபணுக்கள் மற்ற வண்டுகளிலும் உண்டு. ஆகையால் வண்டு ஆராய்ச்சியில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு மரபணுத் துண்டை இரண்டாவது கன்ட்ரோலாக வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. ஜி.எஃப்.பியும் அதுவும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் ஜி.எஃப்.பி வரிசையின் மேல் உள்ள சந்தேகம் போய்விடும்.

இப்போது பலரும் தவறவிடும் ஒரு விஷயம். ஜி.எஃப்.பி கன்ட்ரோல் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், உங்கள் வி-ஏ.டி.பி.ஏஸ் ஆர்.என்.ஏ தவறுதலாக வேறொரு மரபணுவையும் தாக்கியிருக்கிறதா என்று அது சொல்லாது. அந்தத் தவறு உங்கள் வரிசைக்கே உரியது, ஜி.எஃப்.பியின் வரிசையில் அது இருக்க வழியில்லை. இதற்கு ஒரே எளிய வழி, அதே மரபணுவின் வேறொரு பகுதியிலிருந்து, முதல் துண்டின் பகுதி ஓர் எழுத்துகூட இதில் வராமல், இரண்டாவது இரட்டை இழையைத் தயாரிப்பது. இரண்டு துண்டுகளும் தனித்தனியாக ஒரே விளைவைக் கொடுத்தால், இரண்டும் தற்செயலாக ஒரே தவறான மரபணுவைத் தாக்கியிருக்கும் என்று சொல்வது கடினம். அடக்கிய மரபணுவை வேறு வடிவில் திருப்பிக் கொடுத்து விளைவு மறைகிறதா என்று பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான சாட்சி. செல்களில் செய்யலாம். கூன்வண்டுப் புழுவில் உங்கள் லேபில் அது முடியாது. இரண்டாவது துண்டு முடியும், கூடுதலாக வேண்டியது பிரைமர் (துண்டைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ) ஒரு ஜோடிதான். எனக்கு இருப்பதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று நீங்கள் கேட்டால், தண்ணீர்க் குழுவுக்கு முன்பே இதைச் சொல்வேன்.

மரபணு எவ்வளவு அடங்கியது என்பதை, வரிசையைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆரில் பார்த்திருந்தால் அதிலும் கவனம். பிரைமர்கள் நீங்கள் ஏற்றிய துண்டுக்கு உள்ளே இருந்தால் புழுவின் ஆர்.என்.ஏ-வோடு ஊசியில் போன ஆர்.என்.ஏ-வும் சேர்ந்து பெருகும், அடங்கியதே தெரியாது. ஒரு பிரைமராவது துண்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சதவீதக் குறைவை ஜி.எஃப்.பி குழுவோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அளவுகோலாக வைக்கும் ஒப்பீட்டு மரபணு எல்லாக் குழுக்களிலும் மாறாமல் நிற்கிறது என்றும் காட்டுங்கள். ஒரு சாகப்போகும் புழுவில் எல்லா மரபணுவும் தடுமாறும். அதனால் சாவு தொடங்கும் முன்பே, மூன்றாம் நாள் அளவில், தனியாகச் சில புழுக்களை இதற்கென எடுத்துவிடுங்கள்.

பாசிட்டிவ் கன்ட்ரோல், அதாவது விளைவு நிச்சயம் வரும் என்று தெரிந்த ஒப்பீட்டுக் குழு பற்றி நீங்கள் கேட்கவில்லை, உங்கள் விஷயத்தில் அது அவ்வளவு நெருக்கடியும் இல்லை. வண்டினங்களில் ஆர்.என்.ஏ குறுக்கீடு நன்றாக வேலை செய்யும். மக்காச்சோள வேர்ப்புழு வண்டில் வி-ஏ.டி.பி.ஏஸை அடக்கிப் புழுவைக் கொல்லலாம் என்று 2007லேயே காட்டிவிட்டார்கள். கூன்வண்டிலும் மோப்ப உணர்வுக்கான ஆர்கோ மரபணுவை அடக்கி, இனக்கவர்ச்சி வாசனைக்கு வண்டு வருவது குறைவதை 2016இல் காட்டியிருக்கிறார்கள். இதையே அந்துப்பூச்சிப் புழுவில் செய்திருந்தால் பாசிட்டிவ் கன்ட்ரோல் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டாம் என்றிருப்பேன். அங்கே பல இனங்களில் ஆர்.என்.ஏ சரியாக வேலை செய்வதே இல்லை.

உங்கள் தோழி வாங்கும் ஸ்கிராம்பிள்டு, இலக்கு வரிசையின் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட 21 எழுத்துக் குறு ஆர்.என்.ஏ. மனித செல்களில் 30 எழுத்துக்கு மேல் நீளமான இரட்டை இழை போனால் இன்டர்ஃபெரான் எனும் வைரஸ் எதிர்ப்பு கிளம்பிவிடும் என்பதால் அங்கே குறுகியதைத்தான் போடுகிறார்கள். அங்கே தொல்லை, இரண்டாம் எழுத்து முதல் எட்டாம் எழுத்து வரையிலான சிறு பகுதி பொருந்தினாலே வேறு மரபணுக்கள் கொஞ்சம் அடங்கிவிடுவது. கலைத்துப் போட்டால் அந்தச் சிறு பகுதியும் மாறிவிடுகிறது. அதனால் தோழி அதனுடன், 9, 10, 11ஆம் எழுத்துகளை மட்டும் மாற்றிய குறு ஆர்.என்.ஏ ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் அந்தச் சிறு பகுதி அப்படியே இருக்கும், இலக்கு மட்டும் வெட்டுப்படாது. அதுவும் அசலைப் போலவே செல்லைக் கொன்றால் கொல்வது வேறு மரபணு என்று புரியும். உங்கள் நீண்ட இரட்டை இழைக்கு இந்த ஏற்பாடு தேவைப்படாது. ஜி.எஃப்.பியும் இரண்டாம் துண்டும் போதும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. பொள்ளாச்சியிலும் சித்தூரிலும் மரம் சாய்ந்து நஷ்டப்பட்டவர்கள் ஆர்.என்.ஏ மருந்து எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வேர்ப்புழுவை ஸ்னஃப்-7 மரபணு வழியாகக் கொல்லும் மக்காச்சோளத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2017இல் அனுமதி கொடுத்தது. ஆகவே இது கற்பனை இல்லை. 63 சதவீதம் என்று நீங்கள் எழுதி, அடுத்து ஒருவர் அதை நம்பி தோட்டத்தில் இறங்கி, அதில் பாதி ஊசிக் காயத்தால் வந்தது என்று தெரிந்தால், மரத்துக்குள் ஊசியும் இல்லை, சாவும் இல்லை. அந்த விவசாயி இனக்கவர்ச்சிப் பொறி வைக்காமல் விட்ட மாதங்கள் திரும்பி வராது.

அடுத்த சுற்றில் எத்தனை புழு வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 65 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பகமாகப் பிடிக்க, குழுவுக்கு 35 முதல் 40 வரை தேவை. மூன்று தனித்தனித் தேதிகளில், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரித்த ஆர்.என்.ஏ-வில், குழுவுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று என்று செய்தால் போதும். ஒரே நாளில் நாற்பதை ஏற்றுவதைவிட அது நல்லது. கை தளர்ந்த பிறகு குத்தும் புழுக்கள் எல்லாம் ஒரே குழுவில் விழாமல், ஒவ்வொரு குழுவிலும் ஒன்று என்று மாறி மாறி ஏற்றுங்கள்.

இருக்கும் முடிவுகளை ஆய்வேட்டில் வைக்கலாம். முன்னோட்டச் சோதனை என்று தலைப்பிட்டு, 13, 6, 1 என்ற மூன்று எண்களையும், 0.056 என்ற மதிப்பையும், புழுக்கள் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தக் குழுவுக்குப் போயின என்பதையும் அப்படியே எழுதுங்கள். ஜி.எஃப்.பி துண்டின் நீளத்தையும், அது மரபணுவில் எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை என்பதையும், புழுவுக்கு எவ்வளவு ஏற்றினீர்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வைவாவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.